2028 பிப்ரவரி வரை

என் மோட்டார்சைக்கிளுக்குக் கடைசித் தேதி குறித்தாகிவிட்டது. 2028 பிப்ரவரி. அன்றைக்கு அதன் எஞ்சின் எவ்வளவு சுகமாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, டயர் நேற்று மாட்டியதாக இருந்தாலும் சரி, சிங்கப்பூர்ச் சாலையில் அதற்கு இடம் கிடையாது. இதைச் சொன்னால் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அப்புறம் எதுக்குய்யா அதுக்குப் போயி இவ்வளவு செலவு பண்றே?"

நியாயமான கேள்விதான். காப்பிக்கடையில் நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிங்கப்பூரில் வண்டியை வாங்கினால் மட்டும் போதாது, அதை வைத்திருக்கும் உரிமையையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. முழுப்பெயர் வாகன உரிமைச் சான்றிதழ். வாயில் வருவது சிஓஇ. பத்து வருடத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு வண்டியை ஒப்படைத்துவிடலாம், அல்லது முந்தைய மூன்று மாதங்களின் சராசரி விலையைக் கட்டி நீட்டிக்கலாம். மோட்டார்சைக்கிள்களுக்கான டி பிரிவில் அந்த விலை 2022இல் 12,000 வெள்ளியைத் தாண்டியது. அந்தக் காசுக்கு ஊரில் இரண்டு புது என்ஃபீல்டு வாங்கி, மிச்சத்தில் பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாம்.

என்னுடையது ஹோண்டா எஸ்டி1100. பான் யூரோப்பியன் என்றும் சொல்வார்கள். முதல் பதிவு 1998 பிப்ரவரி. முன்பு வைத்திருந்தவர் 2008இல் நீட்டித்தார். 2010இல் என் கைக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் நான் இன்னொரு பத்து வருடத்துக்குப் பணம் கட்டினேன். அடுத்த இரண்டாவது மாதம், ஏப்ரலில், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அறிவிப்பு வந்தது. 2003 ஜூலை 1க்கு முன்னால் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது. ஐந்து வருடத்துக்குள் ஒப்படைப்பவர்களுக்கு அதிகபட்சம் 3,500 வெள்ளி ஊக்கத்தொகை. மிகப் பழைய வண்டிகளுக்கென்று கிளாசிக் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அதில் சேர வண்டிக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். என்னுடையதற்கு 2033இல்தான் அந்த வயது. பாட்டனார் பட்டம் கிடைக்க ஐந்து வருடம் குறைகிறது.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலை ஏழு மணிக்கு ஜாலான் பூன் லேயில், துவாஸ் பக்கம் போகும் பைக்குகளுக்கு நடுவே நின்று மூச்சுவிட்டவன் யாரும் புகையை நியாயப்படுத்த மாட்டான். என் வண்டியில் நாலு கார்புரேட்டர். இன்றைய வண்டிகள் சொட்டுக் கணக்குப் பார்த்து எரிக்கும் பெட்ரோலை இது குத்துமதிப்பாக எரிக்கிறது. இருந்தும் அந்த 3,500 வெள்ளியை நான் வாங்கப் போகவில்லை. இரண்டு பேரையும் ஒரு வாரத் துணியையும் ஏற்றிக்கொண்டு ஹட்யாய் வரை போய்த் திரும்பும் வண்டி, அந்த விலைக்கு இந்தத் தீவில் வேறு எதுவும் இல்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1990இல் சந்தைக்கு வந்தது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்தார்கள். 1,084 சிசி, நாலு சிலிண்டர். எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். செயின் கிடையாது, காரில் இருப்பது போல ஷாஃப்ட். பெட்ரோல் டேங்க் 28 லிட்டர், எடை கீழே இருக்கட்டும் என்று சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். டேங்க் நிரம்பினால் மொத்தம் 300 கிலோவுக்கு மேல். நகரும்போது எடையே தெரியாது. கார்பார்க்கில் தள்ளும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும். 2002இல் இதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

இதை ஓட்ட மூன்று உரிமம் எடுக்க வேண்டும். முதலில் 200 சிசி வரைக்கும் 2பி. ஒரு வருடம் காத்திருந்து 400 வரைக்கும் 2ஏ. இன்னொரு வருடம் கழித்து கிளாஸ் 2. துவாஸில் ஷிப்ட் முடிந்து, கண்ணில் தூக்கத்தோடு பயிற்சி வகுப்புக்குப் போன வருடங்கள் அவை. எதுக்கு இவ்வளவு என்று என் மனைவி அப்போதே கேட்டாள். இரண்டாவது இணைப்புப் பாலத்தைக் காட்டினேன். 1998இல் திறந்த பாலம், என் வண்டியின் வயதுதான் அதற்கும். பூன் லேயில் இருக்கும் எங்களுக்கு ஆர்ச்சர்டு ரோடு போவதைவிட மலேசியா போவது சுலபம். அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கமும் கிடையாது.

முன்னாள் உரிமையாளர் அலங்காரப் பிரியர். 55 வாட் ஸ்பாட் லைட் இரண்டு, ஏர் ஹார்ன், அடியில் நீல எல்இடி பட்டை, அலாரம், சிகரெட் லைட்டர் சாக்கெட் இரண்டு, பாட்டுப் பெட்டி ஒன்று. முதல் நாள் ராத்திரி கார்பார்க்கில் சாவியைத் திருப்பியபோது மனைவி சொன்னாள். "என்னங்க இது, தீபாவளிக்குச் சிராங்கூன் ரோடு மாதிரி இருக்கு." பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதமே பேட்டரி படுத்துவிட்டது.

ஜூரோங் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் கொண்டுபோனேன். பக்கவாட்டு ஃபேரிங்கைக் கழற்றியதும் உள்ளே பார்த்து ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு "மீ கோரேங்" என்றார். ஒயர்கள் உண்மையிலேயே வறுத்த மீ மாதிரி சுருண்டு கிடந்தன. ஒரிஜினல் ஒயரைப் பாதியில் கீறி, முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சையாக இருந்தது. நம்மிடம் இதற்குப் பழைய சொல் இருக்கிறது, களிம்பு. உயிரைப் பிடித்திருக்கும் ஆணவத்தைச் சைவ சித்தாந்தம் செம்பில் ஏறிய களிம்போடு ஒப்பிடும். எந்த ஊர்ச் செம்பாக இருந்தாலும், சிங்கப்பூர் ஈரக்காற்றில் மூடாமல் விட்டால் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இணைப்பில் மின்சாரம் தடுமாறும், தடுமாறும் இடம் சூடாகும், சூடு பிளாஸ்டிக்கை உருக்கும். பழைய வண்டி தீப்பிடிப்பது பெரும்பாலும் பெட்ரோலில் இல்லை, இப்படி ஒரு மூலையில்தான் தொடங்குகிறது.

அன்றைக்கு அங்கிள் சொல்லிக்கொடுத்த கணக்கை இன்றும் வைத்திருக்கிறேன். என் வண்டியின் ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர். இதே மாடலில் முதலில் வந்த வண்டிகளுக்கு 28தான் இருந்தது, பிறகு கூட்டினார்கள். 40 ஆம்பியர் என்றால் சுமார் 540 வாட். கேட்க நிறையத்தான். ஆனால் அது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. துவாஸ் சோதனைச்சாவடி வரிசையில், மதிய வெயிலில், ஐடிலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதில் ஒரு பங்குதான் வரும். அதே நேரத்தில்தான் ரேடியேட்டர் விசிறி சுற்றும், பிரேக் விளக்கு எரியும், ஹெட்லைட், இக்னிஷன், பெட்ரோல் பம்ப் எல்லாம் தங்கள் பங்கைக் கேட்கும். மேலே 55 வாட் ஸ்பாட் லைட் இரண்டு என்றால் 8 ஆம்பியர் கூடுதல். வரவைவிடச் செலவு அதிகமானால் வித்தியாசத்தைப் பேட்டரி கொடுக்கும். ஒரு நாள் கொடுக்க முடியாமல் நிற்கும். குடும்பக் கணக்கு மாதிரிதான்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் உருவினோம். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஒயர் வந்தது. பிறகு அங்கிள் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக ஒரே ஒரு தடித்த லைன் இழுத்து, சீட்டுக்கு அடியில் சின்ன ஃபியூஸ் பெட்டி வைத்தார். சாவியை எடுத்தால் அந்த லைன் செத்துவிடும். புதிதாக எது மாட்டினாலும் அங்கிருந்துதான், தனித்தனி ஃபியூஸோடு. "கேன் ஆட், மஸ்ட் கேன் ரிமூவ்," என்றார். மாட்டலாம், ஆனால் கழற்றவும் முடிய வேண்டும்.

அதன் பிறகு எந்தச் சாமானைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். எவ்வளவு மின்சாரம் தின்னும்? எடை எங்கே போய் உட்காரும்? மழைநீர் எங்கே தேங்கும்? இணையத்தில் பார்த்து ஆசைப்படும் பத்துப் பொருளில் ஒன்பது இதிலேயே விழுந்துவிடும். சைலன்சர், விளக்கு போன்றவற்றுக்கு நாலாவது கேள்வியும் உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிக்கிறதா? மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிள் இங்கே வருடா வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும். நமக்கு அழகாகத் தெரிவது அங்கே இருப்பவருக்கும் அழகாகத் தெரியும் என்று சொல்ல முடியாது.

தேறியவை இவ்வளவுதான். முதலில் ஒரு வோல்ட்மீட்டர். கட்டைவிரல் அளவு. ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 12க்குக் கீழே சரிந்தால் ரெகுலேட்டரோ ஆல்டர்னேட்டரோ ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். நடுவழியில் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். என் வண்டியில் நான் மாட்டிய பொருள்களிலேயே இதுதான் மலிவு, இதுதான் உசத்தி.

அடுத்தது விண்ட்ஸ்கிரீன். உயரமாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. நமக்குக் காற்று மொத்தமாக நின்றுவிட்டால் ஜாக்கெட்டுக்குள் வெந்துவிடுவோம். மேல் விளிம்பு மூக்கு உயரத்துக்கு வந்தால் போதும். மழையில் பிளாஸ்டிக் வழியாகப் பார்க்காமல் அதற்கு மேலே பார்த்து ஓட்ட முடியும்.

பின்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் மழைக்கோட்டும் குடிதண்ணீரும் மட்டும்தான். அது பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்குவதால், உள்ளே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். கனமானவை எல்லாம் கீழே, பக்கப் பெட்டிகளில். கடைசியாக, சீட். ஜோகூர் பாருவில் சீட் தைப்பவர் ஒருவரிடம் பின்சீட்டை மட்டும் அகலமாக்கி, நுரையை மாற்றித் தைத்து வாங்கினேன். மனைவிக்கு இடுப்பு வலி வந்த வருடம் அது. அந்தச் சீட் இல்லையென்றால் எங்கள் பயணங்கள் அப்போதே முடிந்திருக்கும்.

சாமான் மாட்டுவதில் வரும் சந்தோஷம் பராமரிப்பில் வராது. வெளியே தெரியாத வேலை. என் வண்டியில் கார்புரேட்டர்களுக்கு அடியில், எஞ்சினின் இரண்டு கைகளுக்கு நடுவே, கூலண்ட் ஹோஸ்கள் போகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. பார்க்க வேண்டுமென்றால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். ரப்பருக்கு மீட்டர் ஓடத் தேவையில்லை, சும்மா இருந்தாலே வயதாகும். அதனால் ஒரு முறை கார்புரேட்டரைக் கழற்றியபோதே அங்கே இருந்த ரப்பர் அத்தனையையும் மாற்றிவிட்டோம். கழற்றுகிற கூலி ஒன்றுதான், மாற்றுகிற பொருள் ஒன்றா பத்தா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வாய்ப்பாடு இது.

பின்சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் ஷாஃப்ட்டின் பல்லுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும், பிறகு இரும்பும் இரும்பும் உரசும். டயர் கடையில் அவசரமாக மாற்றும்போது இதை யாரும் செய்வதில்லை. நானே சின்ன டப்பாவைச் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் குணமுள்ளது. நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால், கேமரன் மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

உதிரிப்பாகம் தேடுவது தனி உத்தியோகம். உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சில பாகங்கள் இங்கிலாந்தில் உடைத்து விற்பவர்களிடம் கிடைக்கின்றன. சில எங்கேயும் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் தேக்கா போகும்போது சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் ஒரு சுற்று சுற்றுவேன். என்னிடம் இருக்கும் நல்ல ஸ்பேனர்களில் பாதி அங்கே தரையில் விரித்திருந்த துணியிலிருந்து பொறுக்கியவை. 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தையையும் மூடினார்கள். முந்தின வாரம் போயிருந்தபோது, ஒரு பெரியவர் விற்காமல் மிஞ்சிய சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் சில நாளில் கடையே இருக்காது, இருந்தாலும் துடைத்தார். அவரிடம் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். எண்ணெய் போட்டுத்தான் கொடுத்தார்.

போன வருடம் இரண்டு டயரையும் மாற்றினேன். தேசிய சேவையில் இருக்கும் மகன் வார விடுப்பில் வந்தவன் பில்லைப் பார்த்துவிட்டான்.

"ஸ்க்ராப்புக்குப் போற வண்டிக்கு எதுக்குப்பா புது டயர்? பழசுல பட்டன் இன்னும் இருக்கே."

இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பழைய டயரில் 1218 என்று இருந்தது. 2018இன் 12ஆவது வாரம். மேலே பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. இதையெல்லாம் சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினான்.

அடுத்த மாதம் ஈப்போ போய்விட்டுத் திரும்பும்போது, ஜோகூர் எல்லைக்குள் நுழைந்த பிறகு மழை பிடித்தது. நம் ஊர் மழை மாதிரி தூறிப் பழகி வருவதில்லை அது, வாளியைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். முன்னால் போன லாரியின் பின்சக்கரத்திலிருந்து தண்ணீர்த்திரை. வேகத்தைக் குறைத்து, தூரம் விட்டு, எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். லாரியின் சிவப்பு விளக்கு திரைக்குள் திடீரென்று பெரிதானது. எதற்காகவோ நிறுத்திவிட்டான். பிரேக்கை இறுக்கினேன். மனைவியின் தலைக்கவசம் என் முதுகில் வந்து மோதியது. 300 கிலோ வண்டி, இரண்டு ஆள், ஒரு வாரத்துத் துணி. எல்லாம் சேர்ந்து நேராக, வழுக்காமல், லாரிக்கு ஒரு கார் நீளம் முன்னதாக நின்றது. கண்ணாடியில் பார்த்து இடப்பக்கம் ஓரம் கட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவள்தான் பேசினாள். "புது டயர் எவ்வளவு ஆச்சுன்னு சொன்னீங்க?"

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் இதைச் சொன்னது நானில்லை, அவள்தான். வண்டிக்கு 2028 என்று தேதி இருக்கிறது. சாலைக்கு அது தெரியாது. அன்றைக்கு அந்த லாரிக்குப் பின்னால் இருந்தது இரண்டு வருடம் மட்டுமே மிச்சமுள்ள வண்டி இல்லை, என் மனைவி உட்கார்ந்திருந்த வண்டி. நண்பர்களின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலில் பெரும்பகுதி இதுதான்.

இந்த ஊரில் தேதி போடாத பொருள் எது? நாங்கள் குடியிருக்கும் வீவக வீட்டுக்கே 99 வருடக் குத்தகை. அதற்காக யாரும் குழாய் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. ஆயுத பூஜைக்கு வருடம் தவறாமல் பலமாடிக் கார்பார்க்கில் வண்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மனைவி கேம்பல் லேனில் வாங்கிவந்த பூவைச் சாத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பூஜை போடுவதற்காகத் துடைக்கும்போதுதான் எங்கே எண்ணெய் கசிகிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று கண்ணில் படுகிறது. வருடத்துக்கு ஒரு நாளாவது கருவியின் முகத்தைப் பார் என்று முன்னோர்கள் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். தேய்ந்த கருவிக்குப் பூஜை வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை.

இப்போது மிச்சமிருக்கும் பெரிய வேலை டைமிங் பெல்ட். ரப்பர்தான் அதுவும். கிலோமீட்டர் கணக்கில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, வயதுக் கணக்கில் எப்போதோ முடிந்துவிட்டது. ஓடும்போது அறுந்தால் எஞ்சின் போனது போனதுதான். இங்கிலாந்திலிருந்து பெல்ட் வந்துவிட்டது. மனைவி வண்டி நோட்டில் எழுதிவைத்துவிட்டாள். தேதி, மீட்டர், விலை, தபால் செலவு, ஜிஎஸ்டி. அந்த நோட்டில் 2010இலிருந்து ஒவ்வொரு சொட்டு எண்ணெய்க்கும் கணக்கு இருக்கிறது, எல்லாம் அவள் கையெழுத்தில்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்துவிடு, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார். மகனும் முகாமிலிருந்து நேராகப் பட்டறைக்கு வருகிறானாம். ஃபேரிங் திருகுகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், நீளம் மட்டும் வேறு வேறு. மாறிவிடக்கூடாது என்பதற்காகப் பழைய முட்டைத் தட்டில் குழிக்குக் குழி எண் எழுதி வைத்திருக்கிறேன். கழற்றும் வேலை அவனுக்கு. எண்ணிப் போடும் வேலை எனக்கு.